ஆண் முயலின் விந்துத் தரமும் இனவிருத்தியும்: காவிரி டெல்டா பண்ணையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் இடையே ஒரு சிற்றூரில் பதினொரு ஆண்டுகளாக முயல் வளர்க்கிறேன். இப்போது நாற்பது பெட்டைகளும் ஐந்து ஆண் முயல்களும் இருக்கின்றன. ஆடி பிறந்தால் தொலைபேசியில் எனக்கு வரும் குறை பெரும்பாலும் ஒன்றே: "பெட்டை சினை பிடிக்கவில்லை." ஆண் முயலைப் பற்றிக் கேட்கிறவர்கள் மிகக் குறைவு. தொடக்கத்தில் நானும் கேட்கவில்லை. இரண்டாம் ஆண்டில் நான்கு பெட்டைகளை மலடு என்று முடிவு கட்டி, பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்கு இறைச்சி விலைக்குக் கொடுத்துவிட்டேன். அவர் அவற்றை அறுக்காமல் தன் ஆண் முயலோடு சேர்த்திருக்கிறார். மூன்று மாதம் கழித்து நன்றி சொல்ல அழைத்தார். நான்கும் குட்டி போட்டுவிட்டன. குறை என்னிடமிருந்த ஒரே ஆண் முயலில் இருந்தது. அந்த நான்கு பெட்டைகளையும் இன்றும் மறக்க முடியவில்லை. உங்கள் பெட்டைகளுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்பதற்காகவே இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

பெட்டை சினை பிடிக்கவில்லை என்றால் குறை எதில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் குறிப்பேட்டைத் திறந்து பாருங்கள். இல்லையென்றால் இன்றே ஒன்று தொடங்குங்கள். எந்தப் பெட்டை, எந்த ஆண், எந்தத் தேதி, எத்தனை குட்டி என்ற நான்கு பத்திகள் போதும். ஒரே ஆண் முயலோடு சேர்ந்த எட்டுப் பெட்டைகளில் ஒன்று மட்டும் பிடிக்கவில்லை என்றால் அந்தப் பெட்டையைச் சோதியுங்கள். நான்கைந்து பிடிக்கவில்லை என்றால், அல்லது வழக்கமாக ஏழெட்டுக் குட்டி போடும் பெட்டைகள் இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொண்டால், ஆண் முயலைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு தடயமும் உண்டு. பலர் இதைக் கண்ணால் பார்த்தும் விட்டுவிடுகிறார்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் கருமுட்டை தானாக வெளிவரும், முயலுக்கு அப்படி வருவதில்லை. இணை சேர்ந்த தூண்டுதலால்தான், பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து வெளிவருகிறது. வால்டர் ஹீப் என்ற ஆங்கிலேய அறிஞர் 1905-லேயே இதை எழுதிவிட்டார். ஆகவே விந்தில் உயிர் இல்லாவிட்டாலும், ஆண் முயல் ஏறி இறங்கியதே போதும், பெட்டையின் உடல் சினை ஆனதாக நினைத்துக்கொள்ளும். இதுதான் பொய்ச்சினை. பதினாறு முதல் பதினெட்டு நாட்களில் அது கலைந்துவிடும். அந்த நேரத்தில் பெட்டை மார்பு முடியைப் பிடுங்கிக் கூடு கட்டத் தொடங்கும்.

உண்மைச் சினைக்காலம் 31 நாள். பதினேழாம் நாளிலேயே ஒரு பெட்டை முடி பிடுங்கினால் அதன் கருமுட்டை ஒழுங்காக வெளிவந்திருக்கிறது, அது தன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள். ஒரே கூண்டில் அடைத்த பெட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலும் பொய்ச்சினை வரும். அதனால் தனிக் கூண்டில் இருக்கும் பெட்டைக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும். தனிக் கூண்டுப் பெட்டைகள் இரண்டு மூன்று ஒரே ஆண் முயலுக்குப் பின் இப்படிச் செய்தால், அந்த ஆண் முயலை உடனே இணை சேர்ப்பதிலிருந்து நிறுத்திவையுங்கள்.

கத்திரி முடிந்துவிட்டது, மழையும் பெய்தது, ஆண் முயல் சுறுசுறுப்பாக ஏறுகிறது. ஆனாலும் ஆனி, ஆடி முழுக்கக் குட்டியே இல்லை. ஏன்?

ஏனென்றால் இன்று வெளிவரும் விந்து இன்று உருவானதல்ல. முயலின் விதைக்குள் ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ ஏழு வாரம் ஆகிறது. பிறகு விதையை ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸ் என்ற சுருள் குழாய்க்குள் பத்து நாள் அளவுக்கு நகர்ந்து, முதிர்ந்து, நீந்தும் சக்தியைப் பெறுகிறது. மொத்தம் எட்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நெல்லோடு ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும். அறுவடை நாளன்று வெயில் பளிச்சென்று அடிக்கும், களத்தில் தூற்றினால் பாதி பதராகப் பறக்கும். அறுவடை நாளை யாரும் குறை சொல்வதில்லை. பூக்கும் பருவத்தில் பெய்த மழையைத்தான் சொல்வோம். முயலிலும் அப்படித்தான். வெப்பத்தால் அதிகம் கெடுவது பாதி வளர்ந்த நிலையில் இருக்கும் அணுக்கள். அவை வெளியே வர மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். அதனால்தான் கொடும் வெயிலின் நடுவில் சேர்த்த பெட்டைகள் சில சினை பிடித்துவிடுகின்றன, குளிர்ந்த பிறகு சேர்த்தவை பிடிப்பதில்லை.

மே 28 அளவில் கத்திரி முடிகிறது என்றால், அதில் அடிபட்ட கடைசி விந்தணு வெளியேற ஜூலை மாதக் கடைசி ஆகிவிடும். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து, ஆற்றில் தண்ணீர் வந்து, குறுவை நடவும் முடிந்திருக்கும். அப்போதும் உங்கள் ஆண் முயல் சித்திரை வெயிலைத்தான் சுமந்துகொண்டிருக்கும்.

ஏறும் ஆசை வேறு, விந்தின் தரம் வேறு என்பதையும் மனத்தில் வையுங்கள். பிற்பகல் வெயிலில் சோர்ந்து கிடக்கும் முயல், விடியற்காலைக் குளிர்ச்சியில் எழுந்து ஏறிவிடும். ஆனால் விதைக்குள் கெட்டுப்போன அணு ஓர் இரவில் சரியாகாது.

எத்தனை டிகிரி வரை தாங்கும்? கொட்டகையை எப்படிக் குளிர்விப்பது?

முயலுக்கு வியர்வை கிடையாது. காது வழியாகவும் மூச்சு வழியாகவும்தான் சூட்டை வெளியேற்றுகிறது. 15 முதல் 25 டிகிரி வரை அதற்குச் சுகம். 30-ஐத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் விந்து கெடத் தொடங்கும். தஞ்சாவூர்ப் பக்கம் மே மாதத்தில் 38-ஐத் தாண்டுவது வழக்கம். ஆகவே டெல்டாவில் எதுவும் செய்யாமல் விட்டால் ஒவ்வோர் ஆண்டும் ஆண் முயல் அடிபடும். எந்த அளவுக்கு அடிபடும் என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. கொட்டகையில், முயலின் உயரத்தில், ஒரு வெப்பமானி தொங்கட்டும். வானொலி சொல்லும் வெப்பநிலைக்கும் உங்கள் தகரக் கூரைக்குக் கீழே இருப்பதற்கும் நிறைய வேறுபாடு இருக்கும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயலுக்கு முன்பு, பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடிப் பக்கத்துப் பண்ணைகள் பலவும் தென்னந்தோப்பு நிழலில் கீற்றுக் கொட்டகைகளாக இருந்தன. தென்னை விழுந்தது, நிழல் போயிற்று, கீற்றுக்குப் பதில் தகரமோ சிமென்ட் அட்டையோ வந்தது. குட்டி குறைந்ததற்குத் தீவனத்தைக் குறை சொன்ன இரண்டு பண்ணைகளில் நான் போய்ப் பார்த்தபோது மேலே வெறும் தகரம் கொதித்துக்கொண்டிருந்தது. கூரைமேல் ஒரு முழத்துக்கு மேல் உயரும்படி பந்தல் போட்டுக் கீற்று வேயுங்கள். அல்லது பீர்க்கு, அவரை, கோவைக் கொடியை ஏற்றிவிடுங்கள். குறைந்தது சுண்ணாம்பாவது அடியுங்கள்.

ஈரச்சாக்கு கட்டுவது பற்றி ஒரு வார்த்தை. சாக்கிலுள்ள நீர் ஆவியாகும்போதுதான் குளிர்ச்சி கிடைக்கும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் நீர் ஆவியாகாது, கொட்டகை புழுங்கத்தான் செய்யும். நான் வைத்திருக்கும் அளவுகோல் துணிக்கொடி. காலையில் துவைத்துப் போட்ட வேட்டி ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிட்டால் அன்று சாக்கை நனைக்கலாம். பிசுபிசுவென்று தொங்கினால் சாக்கைக் கழற்றிவிட்டு மின்விசிறியைப் போடுங்கள். நாகப்பட்டினம், தரங்கம்பாடி போன்ற கடற்கரைப் பகுதிகளில் இரண்டாம் வகை நாட்களே அதிகம். அங்கே சாக்கைவிடக் காற்றோட்டம் முக்கியம்.

எல்லா முயல்களுக்கும் செலவு செய்ய முடியாது என்றால் ஆண் முயல்களுக்கு மட்டுமாவது செய்யுங்கள். நாற்பது பெட்டைக்கு ஐந்து ஆண்தானே. கொட்டகையிலேயே குளிர்ந்த மூலையை, கீழ் அடுக்கை, அவற்றுக்குக் கொடுங்கள். நான் சித்திரை பிறந்ததும் ஐந்தையும் வீட்டின் ஓட்டுத் தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். பழைய பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி உறையவைத்து, பதினொரு மணிக்கு ஒன்று, இரண்டு மணிக்கு ஒன்று என்று கூண்டுக்குள் படுக்கவைக்கிறேன். முதல் நாள் முகர்ந்து பார்த்து விலகும். மூன்றாம் நாளே அதன்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு படுத்துவிடும். குடிநீரையும் மண்கலயத்தில் வைத்து அடிக்கடி மாற்றுங்கள். கொதிக்கிற பிளாஸ்டிக் குழாயில் வரும் தண்ணீரை முயல் குடிக்காது.

விதையைத் தொட்டுப் பார்த்தே ஓரளவு சொல்ல முடியுமா?

முடியும். முயல் அமைதியாக இருக்கும்போது மடியில் மல்லாத்தி, தலையைக் கையிடுக்கில் அணைத்துப் பிடியுங்கள். ஆண்குறிக்கு இரண்டு பக்கமும், சற்று முன்னால், முடி குறைந்த நீளமான இரண்டு பைகள் தெரியும். இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளமாக, உரித்த பேரீச்சம்பழம் போலத் தொய்வின்றி, அதே சமயம் கல் போல இறுகாமல் இருக்க வேண்டும். ஒன்று சிறுத்து ஒன்று பெருத்திருந்தாலோ, தொட்டதும் வலியில் உதைத்தாலோ, சூடாக வீங்கியிருந்தாலோ கோளாறு. இரண்டும் சுருங்கித் தளர்ந்திருந்தால் வெயிலோ காய்ச்சலோ தாக்கியிருக்கிறது.

பதற்றப்பட வேண்டாத ஒரு விஷயம் உண்டு. முயலுக்கு விதையை வயிற்றுப் பக்கம் உள்ளே இழுத்துக்கொள்ளும் வழி வாழ்நாள் முழுக்கத் திறந்தே இருக்கிறது. பயந்தாலோ குளிர்ந்தாலோ இழுத்துக்கொள்ளும். பை காலியாகத் தெரிந்தால் சற்று நேரம் தடவிக்கொடுத்து, அடிவயிற்றிலிருந்து மெல்ல நீவிப் பாருங்கள், இறங்கிவிடும். மூன்று மாத வயதில் விதை இறங்க வேண்டும். ஐந்து மாதம் ஆகியும் ஒரு பக்கம் இறங்கவே இல்லை என்றால் அந்த முயலை இனவிருத்திக்கு வைக்காதீர்கள். அது ஏறும், குட்டியும் கொடுக்கலாம், ஆனால் அந்தக் குறை குட்டிகளுக்கும் போகும்.

எந்த வயதிலிருந்து, வாரத்துக்கு எத்தனை முறை?

வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா, நியூசிலாந்து வெள்ளை போன்ற இனங்களில் ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம். ஏழு மாதம் என்றால் இன்னும் நல்லது. தொடக்கத்தில் வாரம் ஒரு பெட்டை. பத்து மாதம் கடந்தபின் வாரம் மூன்று பெட்டை வரை விடலாம். அதற்கு மேல் விட்டால், முதிராத விந்தணு வாலில் நீர்த்துளி போன்ற எச்சத்தோடு வெளியே வரத் தொடங்கும். அதனால் நீந்தவும் முடியாது. எட்டு அல்லது பத்துப் பெட்டைக்கு ஓர் ஆண் என்ற கணக்கு இதிலிருந்துதான் வருகிறது. பதினைந்து பெட்டைக்கு ஒன்றை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் சேர்க்கிறவர்களை எனக்குத் தெரியும். மூன்றாம் நாளுக்குப் பின் சேர்த்த பெட்டைகள் பெரும்பாலும் வீண்.

நெடுநாள் ஓய்வும் ஆகாது. ஒரு மாதம் சும்மா இருந்த ஆண் முயலின் குழாயில் பழைய, செத்த அணுக்கள் தேங்கியிருக்கும். அப்படிப்பட்டதை முதல் நாள் ஒரே பெட்டையோடு, இருபது நிமிட இடைவெளியில் இரண்டு முறை சேர்த்துவிடுங்கள். இரண்டாவது முறை வருவது நல்ல விந்தாக இருக்கும்.

மூன்று வயதுக்குப் பிறகு தரம் இறங்கும். அதற்குள் மாற்று ஆண் தயாராக இருக்க வேண்டும்.

இணை சேர்ந்தது உறுதிதானா என்று எப்படித் தெரியும்?

எப்போதும் பெட்டையை ஆண் முயலின் கூண்டுக்குக் கொண்டுபோங்கள். ஆணைத் தூக்கிக்கொண்டு போனால் புது இடத்தை முகர்ந்து பார்ப்பதிலேயே நேரம் போகும், பெட்டையும் தன் இடத்தைக் காக்கச் சண்டை போடும். முடிந்ததும் ஆண் முயல் ஒரு சிறு கீச்சொலியோடு பக்கவாட்டில் சாய்ந்து விழும். விழவில்லை என்றால் முடியவில்லை. பன்னிரண்டு முதல் பதினான்காம் நாளுக்குள் அடிவயிற்றை விரல்களால் மெல்லத் தடவினால் அரைநெல்லிக்காய் போல வழுக்கிச் செல்லும் உருண்டைகள் தட்டுப்படும். புழுக்கை என்றால் கெட்டியாக, முதுகுத்தண்டுப் பக்கமாக இருக்கும்.

விந்துக்கு எந்தத் தீவனம் நல்லது? எதைக் கொடுக்கக்கூடாது?

கொடுக்கக்கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். டெல்டாவில் கெடுதல் பெரும்பாலும் தீவன மூட்டைக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

முதலாவது பருத்திக்கொட்டையும் அதன் பிண்ணாக்கும். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் நெல்லுக்குப் பின் பருத்தி போடுகிறோம், மாட்டுக்குப் பருத்திக்கொட்டை அரைத்துக் கொடுப்பது நம் வழக்கம். மீதியை முயலுக்கும் போட்டுவிடுகிறோம். பருத்திக்கொட்டையில் காசிபால் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. அது விந்தணு உற்பத்தியையே தடுக்கும். அசைபோடும் மாட்டின் வயிறு அதை ஓரளவு முறித்துவிடும். முயலால் முடியாது. ஆண் முயலுக்கு ஒரு பிடிகூட வேண்டாம்.

இரண்டாவது பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூட்டை ஓரத்தில் பச்சை பூத்தால், அந்த ஓரத்தை மட்டும் வெட்டியெறிந்துவிட்டு மீதியைப் போடுகிறார்கள். அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயும் பரவியிருக்கும், முயல் அதற்கு மிக எளிதில் பலியாகும் விலங்கு. மூட்டை முழுவதையும் புதைத்துவிடுங்கள்.

மூன்றாவது காறல் நாற்றம் அடிக்கும் தவிடு. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பச்சரிசித் தவிட்டிலுள்ள எண்ணெய் ஆலையிலிருந்து வந்த சில நாட்களிலேயே கெடத் தொடங்கும். புழுங்கல் அரிசித் தவிடு நெல்லை அவித்தபோதே சூடுபட்டிருப்பதால் கூடுதல் நாள் தாங்கும். கெட்ட எண்ணெய் வைட்டமின் ஈ-யை அழித்துவிடும், விந்தணுவின் மேலுறை சிதையாமல் காப்பது அந்த வைட்டமின்தான். கையில் கொஞ்சம் தவிட்டை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். புதுத்தவிடு இனிப்பாக மணக்கும். கெட்டது பழைய எண்ணெய்ச் சட்டி போல நாறும்.

நான்காவது வரப்புப் புல். சம்பா வயலில் பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ தெளித்தால் வரப்பிலும் படும். உங்கள் வயல் சுத்தமாக இருந்தாலும் மடை வழியாகப் பக்கத்து வயல் தண்ணீர் வரும். புல்லுக்கென்று கொல்லைப்புறத்தில் இரண்டு சென்ட் ஒதுக்குங்கள், அங்கே கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லும் வேலிமசாலும் போடுங்கள். சூபாபுல் தழையைத் தினமும் போட்டால் முயலுக்கு முடி கொட்டும், இனவிருத்தியும் கெடும். என்றைக்காவது கொஞ்சம் என்றால் பரவாயில்லை.

நல்லவற்றில் முதலிடம் நான் அகத்திக்குத்தான் கொடுப்பேன். கும்பகோணம், ஆவூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்களில் கொடி படர அகத்தியைத்தான் நடுவார்கள். கொடிக்கால்காரரிடம் சொல்லிவைத்தால் கழித்த கிளையைக் கொடுத்துவிடுவார். மருந்து எப்போது அடித்தார் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். முருங்கை, கல்யாண முருங்கை, வேலிமசால் எல்லாம் நல்லவை. பசுந்தழையில் வைட்டமின் ஏ கிடைக்கும். அறுத்து அரைநாள் நிழலில் வாடவிட்டுப் போடுங்கள். இவற்றோடு 16 சதவீதம் அளவுக்குப் புரதம் உள்ள அடர்தீவனம் நாளைக்கு 100 முதல் 120 கிராம். முளைகட்டிய பயறோ கம்போ ஒரு கைப்பிடி சேர்த்தால் வைட்டமின் ஈ கிடைக்கும். தாது உப்புக் கலவையில் துத்தநாகமும் செலினியமும் இருக்கிறதா என்று அட்டையைப் படித்துப் பாருங்கள்.

ஆண் முயலைக் கொழுக்கவிடாதீர்கள். முதுகுத்தண்டின் மேடு பள்ளம் விரலில் லேசாகப் பட வேண்டும். படவே இல்லை என்றால் அடர்தீவனத்தைக் குறையுங்கள்.

வீரியம் கூட்டும் ஊசி போடலாமா?

வேண்டாம். ஆண்மை ஹார்மோனை வெளியிலிருந்து ஏற்றினால் ஏறும் வேகம் சில நாள் கூடும். ஆனால் உடல், ஹார்மோன் போதும் என்று எண்ணி விதைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி குறைந்துபோகும். கேட்டதற்கு நேர் எதிரான பலன்.

விந்தை நுண்ணோக்கியில் பார்ப்பது பண்ணையாளரால் முடிகிற வேலையா?

முடியும், ஒரு முறை யாராவது கற்றுக்கொடுத்தால். எனக்குக் கால்நடை மருத்துவம் படிக்கும் என் அக்காள் மகள் கற்றுக்கொடுத்தாள். விந்தைச் சேகரிக்க உதவும் செயற்கைப் புணர்குழாய் என்பது கை அளவுக் குழாய்தான். உள்ளே மெல்லிய ரப்பர் உறை, இரண்டுக்கும் நடுவே வெந்நீர். உட்புறம் 40 முதல் 42 டிகிரி இருக்க வேண்டும். பெட்டையை ஆண் முயலின் கூண்டில் விட்டு, ஆண் ஏறும் தருணத்தில் குழாயைப் பெட்டையின் பின்கால்களுக்கு இடையே பிடிக்க வேண்டும். ஒரு நொடி வேலை. தவறினால் மறுபடி ஏறும் வரை காத்திருக்க வேண்டும்.

கிடைப்பது அரை மில்லி, மிஞ்சினால் ஒரு மில்லி. நல்ல ஆண் முயலின் விந்தில் ஒரு மில்லிக்கு 15 கோடி முதல் 50 கோடி வரை அணுக்கள் இருக்கும். நிறத்தை முதலில் பாருங்கள். பால் போலவோ தந்தம் போலவோ இருந்தால் நல்லது. மஞ்சளாக இருந்தால் சிறுநீர் கலந்திருக்கிறது. இளஞ்சிவப்பு என்றால் இரத்தம். தண்ணீர் போல இருந்தால் அணு குறைவு. சில சமயம் பாகு போன்ற ஒரு கட்டி சேர்ந்து வரும், அது இயல்புதான், எடுத்துப் போட்டுவிடலாம்.

கண்ணாடித் தட்டை உள்ளங்கைச் சூட்டில் வைத்திருந்து ஒரு சொட்டு விட வேண்டும். குளிர்ந்த தட்டில் விட்டால் நல்ல விந்தும் செத்தது போலத் தெரியும். முதல் முறை நான் பார்த்தது என் மூத்த வெள்ளை ஜெயன்டின் விந்து, ஒரு தை மாதக் காலையில். காற்றடிக்கும்போது சம்பாக் கதிர் வயல் முழுக்கச் சாய்ந்து நிமிர்வதுபோல அந்தச் சொட்டு அலை அலையாகப் புரண்டது. அதே முயலை வைகாசிக் கடைசியில் பார்த்தேன். அலை இல்லை. அங்கொன்றும் இங்கொன்றும் நின்ற இடத்திலேயே துடித்தன, சில வால் சுருண்டு வட்டமடித்தன, பல அசையவே இல்லை. அந்த ஆண்டுதான் ஓட்டுத் தாழ்வாரத்துக்கு மாற்றும் வழக்கத்தைத் தொடங்கினேன்.

நூற்றில் எழுபதுக்கு மேல் நேராக நீந்தினால் நம்பிச் சேர்க்கலாம். ஒரு முறை மோசமாக இருந்தால் முடிவு கட்டாதீர்கள். ஒரு வாரம் விட்டு இன்னும் இரண்டு முறை பாருங்கள்.

செயற்கை முறைக் கருவூட்டல் சிறு பண்ணைக்கு உதவுமா?

ஐம்பது பெட்டைக்குக் கீழ் இருப்பவர்களுக்கு அவசியமில்லை என்பது என் கருத்து. ஒரே தடவை எடுத்த விந்தை நீர்த்துப் பத்துப் பெட்டைக்கு மேலும் போடலாம், நோய் தொற்றுவதும் குறையும். இவை உண்மையான ஆதாயங்கள். ஆனால் ஆண் ஏறாததால் கருமுட்டை வெளிவராது. அதற்கென்று ஹார்மோன் ஊசி போட வேண்டும், அது மருத்துவர் கையால்தான் நடக்க வேண்டும். நீர்த்த விந்தை 15 முதல் 18 டிகிரியில் ஒரு நாள் அளவுக்குத்தான் வைத்திருக்கலாம். உறையவைத்த முயல் விந்து மாட்டு விந்து போல நல்ல பலன் தருவதில்லை.

விந்து போடும் நேரத்தைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். முயல் விந்தணு பெட்டையின் உடலுக்குள் சில மணி நேரம் தங்கிப் பக்குவப்பட்ட பிறகுதான் கருமுட்டைக்குள் நுழையும். 1951-இல் எம்.சி. சாங் என்ற அறிஞர் இதை முயலில்தான் கண்டறிந்தார். கருமுட்டை வெளிவரவும் பத்து மணி நேரம் ஆவதால் இரண்டும் பொருந்திப் போகின்றன. ஊசியையும் விந்தையும் ஒரே வேளையில் கொடுத்துவிடலாம்.

எந்த நோய்கள் ஆண் முயலின் திறனைக் கெடுக்கும்?

எந்த நோயாக இருந்தாலும், காய்ச்சல் வந்தால் வெயில் பட்டதற்குச் சமம். அதே எட்டு வாரக் கணக்கு. சளி நோயை உண்டாக்கும் பாஸ்டுரெல்லா கிருமி விதையில் இறங்கிச் சீழ் கட்டும். பிறப்புறுப்பைச் சுற்றியும் மூக்கிலும் பொருக்குப் புண் இருந்தால் அது முயல் மேகநோய். இணை சேரும்போது பெட்டைக்குப் பெட்டை பரவும். மனிதருக்குத் தொற்றாது. பின்னங்கால் அடியில் புண் இருந்தால் ஏறவே வலிக்கும். மழைக்காலத்தில் ஈரம் காயாத கூண்டில் இது அதிகம், ஒரு மரப்பலகை போட்டாலே பாதி சரியாகிவிடும். காதுச் சொறியின் அரிப்பால் தூக்கமும் தீனியும் குறையும்.

ஓர் எச்சரிக்கை. வீட்டில் மீந்திருக்கும் அமாக்சிசிலின், ஆம்பிசிலின் மாத்திரைகளைக் கரைத்து வாய்வழி ஊற்றாதீர்கள். முயலின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, கழிச்சல் கண்டு, சில நாளில் இறந்துவிடும். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டுபோங்கள்.

புது ஆண் முயலை எங்கே, எப்போது வாங்குவது?

கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா இனங்கள் அங்கே கிடைக்கும். நல்ல வம்சம். ஆனால் மலைக்குளிரில் வளர்ந்ததைப் பங்குனியில் கீழே இறக்கினால், நம் சித்திரையை அது எப்படித் தாங்கும்? மார்கழி, தை மாதங்களில், ஐந்து மாத வயதில் கொண்டுவாருங்கள். இரவுப் பயணம் நல்லது. வந்ததும் இரண்டு வாரம் தனிக்கூண்டு. பழைய தீவனத்தில் ஒரு பை கேட்டு வாங்கி, புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து பழக்குங்கள்.

உள்ளூரில் வாங்கினால் அதன் தாய் தொடர்ந்து ஏழெட்டுக் குட்டி போட்டதா என்று கேளுங்கள். உங்கள் பெட்டைகளுக்கு அண்ணன் தம்பி முறையாகவோ தகப்பன் முறையாகவோ வரக்கூடாது. உறவுக்குள்ளேயே சேர்த்தால் குட்டி எண்ணிக்கை குறையும், அடுத்த தலைமுறை ஆணின் விந்தும் மங்கும். நானும் இன்னும் மூன்று பண்ணைக்காரர்களும் ஆண்டுக்கு ஒரு முறை ஆண் முயல்களை மாற்றிக்கொள்கிறோம். வண்டிச் செலவு தவிர வேறு செலவில்லை.

கெட்டுப்போன ஆண் முயலை எப்போது கழிப்பது?

காரணத்தை நீக்கிய நாளை நாட்காட்டியில் குறித்து, அதிலிருந்து அறுபது நாள் எண்ணுங்கள். அதுவரை விற்காதீர்கள். வாரம் ஒரு முறை ஒரு பெட்டையோடு விடுங்கள், தேங்கிய பழைய விந்து வெளியேறட்டும். அந்தச் சேர்க்கையில் சினையை எதிர்பார்க்க வேண்டாம். அறுபது நாள் கழிந்ததும், ஏற்கெனவே நல்ல குட்டி கொடுத்த நான்கு பெட்டைகளோடு, இரண்டு வாரத்துக்குள், ஒவ்வொன்றாகச் சேருங்கள். நான்கில் மூன்று பிடித்தால் முயல் மீண்டுவிட்டது. ஒன்றோ இரண்டோ பிடித்தால் இன்னும் ஒரு மாதம் பொறுக்கலாம். ஒன்றுமே இல்லை என்றால் கழித்துவிடலாம்.

என் மூத்த வெள்ளை ஜெயன்டுக்கு அந்தச் சோதனையை ஆவணி முதல் வாரத்தில் வைத்தேன். நான்கு பெட்டைகளில் மூன்று பிடித்தன, புரட்டாசியில் மொத்தம் இருபத்திரண்டு குட்டிகள். நான்காவது பெட்டை பதினேழாம் நாளில் முடி பிடுங்கியது. அதை மறுநாளே அதே ஆணோடு சேர்த்தேன், ஆறு குட்டி போட்டது.